எல்லையோர ஊரில் வெப்மாஸ்டர் வேலை: சாவி, பேக்கப், தமிழ், மலையாளம்

தமிழக-கேரள எல்லையில் உள்ள கம்பம், கூடலூர், போடி, குமுளி வட்டாரத்தில் ஏலக்காய் வியாபாரி, பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர், தேக்கடி ஹோம்ஸ்டே, ஜீப் சவாரி நடத்துபவர், தனியார் பள்ளி என்று பலருக்கும் இன்று இணையதளம் தேவைப்படுகிறது. கட்டிக்கொடுக்க மதுரையிலோ கொச்சியிலோ ஆள் கிடைத்துவிடுகிறார்கள். கட்டியபின் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. டொமைன் (தளத்தின் பெயர் முகவரி) காலாவதி ஆகாமல், தளம் விழாமல், விழுந்தாலும் சில மணி நேரத்தில் எழும்படி, அதில் உள்ள விலையும் போன் நம்பரும் சரியாக இருக்கும்படி வைத்துக்கொள்வதுதான் வெப்மாஸ்டரின் வேலை. வடிவமைப்புத் திறமை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஒழுங்கு குறைந்தால் சமாளிக்க முடியாது.

முதலில் சாவிகளை வாங்குங்கள்

ஒரு தளத்தைப் பொறுப்பெடுக்கும்போது முதல் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், இவற்றின் லாகின் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்: டொமைன் பதிவுக் கணக்கு, டிஎன்எஸ் (அந்தப் பெயரைத் தேடுபவரைச் சரியான சர்வருக்கு அனுப்பும் பதிவுகள்), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை சர்வர்), தளத்தின் அட்மின் கணக்கு, மின்னஞ்சல் சேவை, கூகுள் சர்ச் கன்சோல் (தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி), கூகுள் மேப்பில் தெரியும் பிசினஸ் புரொஃபைல். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று தகவல் வேண்டும். கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, ஓடிபி எந்த மொபைலுக்குப் போகிறது, பணம் யார் கார்டிலிருந்து போகிறது.

பெரும்பாலும் சிக்கல் ஓடிபியில் இருக்கும். பழைய ஊழியரின் சொந்த சிம்முக்கு ஓடிபி போகும். அவர் வேலையை விட்டுப்போய் வருஷமாகியிருக்கும். சில இடங்களில் தளத்தைக் கட்டியவரின் பெயரிலேயே டொமைன் பதிவாகியிருக்கும். முதலாளி பெயரிலும், முதலாளி நிரந்தரமாக வைத்திருக்கும் மின்னஞ்சலிலும், எண்ணிலும் மாற்றி வாங்குங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் மின்னஞ்சலும் சேர்ந்து போகும், பாஸ்வேர்டை மீட்கவும் வழியிருக்காது.

டாட் காம் டொமைன் காலாவதியானால் என்ன நடக்கும் என்பதை முதலாளிக்கு ஒரு தடவை விளக்கிவிடுங்கள். பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க வாய்ப்பு இருக்கும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். புதுப்பிக்கும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் தவறினால் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கினால் மட்டும் போதாது. கார்டு காலாவதியாகியிருந்தாலோ, வங்கி தானியங்கிப் பணப்பிடிப்புக்கு ஒப்புதல் கேட்டு நின்றாலோ பணம் போகாது. காலாவதிக்கு 60 நாள் முன்பு உங்கள் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டு, கையால் சரிபாருங்கள்.

டிஎன்எஸ் மாற்றும்போது

ஹோஸ்டிங்கை மாற்றுவது எளிது. கூடவே மின்னஞ்சலைத் தொலைப்பது அதைவிட எளிது. நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றும்போது பழைய இடத்திலிருந்த எம்எக்ஸ் பதிவுகள் (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்பவை) தாமாகப் புதிய இடத்துக்கு வருவதில்லை. தளம் அழகாகத் திறக்கும், மின்னஞ்சல் மட்டும் வராது. இரண்டு நாள் கழித்து "ஆர்டர் மெயில் ஒண்ணும் வரலையே" என்று போன் வரும்.

அதனால் மாற்றும் முன் எல்லாப் பதிவுகளையும் அப்படியே நகல் எடுங்கள். பழைய முகவரி நீண்ட நேரம் தேங்காதபடி, டிடிஎல் மதிப்பை (ஒரு பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) முந்தைய நாளே 300 நொடிக்குக் குறையுங்கள். புதிய இடத்தில் எல்லாப் பதிவுகளையும் போட்டு ஒத்துப்பார்த்தபின் நேம்சர்வரை மாற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கை உடனே மூடாமல் குறைந்தது ஒரு வாரம் ஓட விடுங்கள். எல்லாம் நிலைபெற்றபின் டிடிஎல்லைப் பழையபடி உயர்த்திக்கொள்ளலாம்.

மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகிறது என்ற புகார் வந்தால் எஸ்பிஎஃப் பதிவைப் பாருங்கள், உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்வது அது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு சேவைகளைச் சேர்க்கிறோம் என்று இரண்டு பதிவு போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரே பதிவுக்குள் இரண்டையும் சேர்க்க வேண்டும், அதற்குள் நடக்கும் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டக் கூடாது. மெயில் உண்மையில் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க உதவும் டிகிம், டிமார்க் பதிவுகள் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். தளத்தின் விசாரணைப் படிவத்திலிருந்து போகும் மெயிலை ஹோஸ்டிங்கின் சாதாரண மெயில் வழியாக அனுப்பாமல், லாகினுடன் கூடிய எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் முறை வழியாக அனுப்பினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தகவலைப் பூட்டிவைக்கும் பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. ஆனால் காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்புவதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் குறைந்துவருகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருஷத்துக்கு ஒரு முறை கையால் போடும் பழக்கம் இனி ஒத்துவராது. தானாகப் புதுப்பிக்கிறதா என்று பாருங்கள், நிற்கும்போது உங்கள் போனுக்கு அறிவிப்பு வரும்படி ஒரு கண்காணிப்புச் சேவையில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள்.

பேக்கப்: மீட்டுப் பார்க்காதது பேக்கப் ஆகாது

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளம் என்றால் எடுக்க வேண்டியவை மூன்று: டேட்டாபேஸ், படங்களும் தீம்களும் (தோற்றம்) பிளகின்களும் (கூடுதல் வசதிகள்) இருக்கும் டபிள்யூபி-கன்டென்ட் அடைவு (ஃபோல்டர்), டேட்டாபேஸ் விவரம் உள்ள கான்ஃபிக் கோப்பு. மூன்று பிரதி, இரண்டு வகை இடம், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய கணக்கு இன்றும் சரி. ஹோஸ்டிங் நிறுவனம் தரும் தினசரி பேக்கப்பை ஒரு பிரதியாகக் கூட எண்ணாதீர்கள். கணக்கு முடக்கப்பட்டாலோ பணம் கட்டத் தவறினாலோ தளத்தோடு சேர்ந்து அந்தப் பேக்கப்பும் போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது தளத்தைப் பொறுத்தது. தினமும் ஏல விலை ஏற்றும் தளத்துக்கு டேட்டாபேஸ் தினமும், கோப்புகள் வாரம் ஒரு முறை. முன்பதிவு வாங்கும் ஹோம்ஸ்டே தளத்துக்கு சீசனில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை டேட்டாபேஸ். பள்ளித் தளத்துக்கு வாரம் ஒன்று போதும். கடைசி 7 தினசரி, 4 வாராந்திர, 6 மாதாந்திரப் பிரதிகளை வைத்திருங்கள். மாதாந்திரப் பிரதி எதற்கென்றால், தளத்துக்குள் புகுந்தவர்கள் பல வாரம் சத்தமில்லாமல் இருப்பதுண்டு. நேற்றைய பேக்கப்பிலும் அவர்களின் கோப்பு இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பேக்கப்பை எடுத்து வெறும் சப்டொமைனில் (உங்கள் டொமைனுக்குக் கீழ் வரும் துணைப் பெயர்) மீட்டுப் பாருங்கள். அப்போது வழக்கமாக வெளிப்படும் கோளாறுகள்: டேட்டாபேஸ் கோப்பு பாதியில் நின்றிருக்கும், ஹோஸ்டிங்கின் நேரக் கெடு முடிந்ததுதான் காரணம், டிஸ்க் நிறைந்து கோப்பு பூஜ்ய அளவில் இருக்கும், தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாக வந்திருக்கும். மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். முதலாளி "எப்ப சரியாகும்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு உண்மையான எண் கையில் இருக்கும்.

புதுப்பித்தல்களை வெள்ளிக்கிழமை மாலை செய்யாதீர்கள். தேக்கடிக்கு வார இறுதிக் கூட்டம் கிளம்பும் நேரம் அது. செவ்வாய் காலை நல்லது. பேக்கப் எடுத்து, சோதனைப் பிரதியில் முதலில் செய்து, அங்கே நன்றாக இருந்தால் உண்மைத் தளத்தில் செய்யுங்கள். பிளகின்களை ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள். பத்தையும் ஒரே அழுத்தில் புதுப்பித்துத் தளம் வெள்ளையானால் எது காரணம் என்று தெரியாது. வெள்ளையாகிவிட்டால் எஃப்டிபி (சர்வரில் உள்ள கோப்புகளை நேராகக் கையாளும் வழி) வழியாகப் போய்ப் பிளகின்ஸ் அடைவின் பெயரை மாற்றுங்கள், எல்லாப் பிளகின்களும் அணைந்து அட்மின் பக்கம் பெரும்பாலும் திறக்கும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பையும் கவனியுங்கள். 7.4க்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓடும் தளங்களைப் பொறுப்பெடுத்தால் முதல் மாத வேலை அதுதான்.

தமிழும் மலையாளமும்

வெளியூர் ஏஜென்சிகள் சறுக்குவதும் உள்ளூர் வெப்மாஸ்டர் ஜெயிப்பதும் இந்த இடத்தில்தான். எழுத்து உடைந்து தெரிந்தால் எப்படி உடைந்திருக்கிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. தகவல் பத்திரமாக இருக்கிறது. மேலே கோடிட்ட ஆங்கிலச் சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறிமாறி வந்தால், யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) தகவலை உலாவி வேறு குறியாக்கமாக எண்ணிக் காட்டுகிறது. பைட்டுகள் அப்படியே உள்ளன, மீட்கலாம். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பள்ளி ஆண்டு மலர், பழைய விலைப்பட்டியல் எல்லாம் இப்படித்தான் வரும். மாற்றி வழியாக யூனிகோடாக்கிவிட்டு ஒரு தடவை மெய்ப்புப் பாருங்கள். வெறும் கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக வந்தால் டேட்டாபேஸ் எழுத்தை ஏற்காமல் தூக்கியெறிந்துவிட்டது. அதை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது, பழைய பேக்கப்தான் வழி. புதிய டேட்டாபேஸ் எதையும் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தில் தொடங்குங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, தேடும்போது அகப்படாத எழுத்துகள் உண்டு. "கௌரி" என்பதில் க-வோடு ஔகாரக் குறி. "கெளரி" என்பதில் க, எகரக் கொம்பு, அடுத்து ள. திரையில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும், தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. "ஸ்ரீ"யும் அப்படித்தான்: ஸ-வில் தொடங்கி அடிப்பதும் உண்டு, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கி அடிப்பதும் உண்டு. மலையாளத்தில் சில்லெழுத்துகளுக்கு (உயிரொலி சேராத மெய்யெழுத்தின் தனி வடிவங்கள்) 2008இல் வந்த யூனிகோடு 5.1 தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன் மூன்று குறியீடு சேர்த்து எழுதினார்கள். பழைய உரையைப் புதிய தளத்தில் ஒட்டும்போது ஔகாரம், ஸ்ரீ, சில்லெழுத்து மூன்றையும் தேடி ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கடையின் பெயரைச் சரியாக அடித்தவருக்கும் உங்கள் தளத்தின் தேடல் பெட்டி "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லும்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்தோ, கொம்பு, புள்ளி போன்ற துணைக்குறியோ) 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. "தேக்கடி-ஹோம்ஸ்டே" என்ற இரண்டு சொல் மட்டுமே 136 எழுத்து ஆகிவிடும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. நீளமான தமிழ்த் தலைப்பு நடுவில் வெட்டுப்படும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளின் வால் ஒன்று தொங்கும். தலைப்பும் உரையும் தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே நம் பரிந்துரை.

மொழிக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள். ஒரே பக்கத்தில் தமிழையும் மலையாளத்தையும் அடுக்கினால் இரண்டு தேடலிலும் பின்தங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் மொழிக் குறியீட்டைச் சரியாகப் போடுங்கள், தமிழுக்கு டிஏ, மலையாளத்துக்கு எம்எல். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இதைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. பக்கத்தின் பிற மொழி வடிவத்தைக் கூகுளுக்குச் சுட்டும் எச்ரெஃப்லாங் குறிகள் இருவழியாக இருக்க வேண்டும்: தமிழ்ப் பக்கம் மலையாளப் பக்கத்தைச் சுட்டினால், மலையாளப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். ஒருவழியாக இருந்தால் கூகுள் அதைப் பொருட்படுத்தாது. மலையாள உரையைக் கருவியில் போட்டு எடுத்ததை அப்படியே ஏற்றாமல், குமுளியிலோ வண்டிப்பெரியாறிலோ அந்த மொழியை எழுதிப் பழகிய ஒருவரிடம் காட்டி வாங்குங்கள். இங்கே ஆள் கிடைப்பது சுலபம்.

வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.6 மடங்காவது வையுங்கள். ஆங்கிலத்துக்கு வடிவமைத்த பட்டனில் தமிழ்க் கொக்கிகளும் மலையாளக் கூட்டெழுத்துகளும் மேலும் கீழும் வெட்டுப்படும். "முன்பதிவு செய்யுங்கள்" என்பது சின்ன போனில் இரண்டு வரியாகும், அதற்கு இடம் விடுங்கள்.

ஊரின் விவரங்கள்

ஆங்கிலத்தில் கம்பம் என்று எழுதும் அதே எழுத்துக்கூட்டலில் ஆந்திராவிலும் ஓர் ஊர் இருக்கிறது. கூடலூர் என்றால் நீலகிரியிலும் ஒன்று, தேனி மாவட்டத்திலும் ஒன்று, இரண்டுமே கேரள எல்லையோரம். எனவே முகவரியில் மாவட்டம், மாநிலம், பின்கோடு (கம்பத்துக்கு 625516) மூன்றும் எப்போதும் இருக்கட்டும், மேப் குத்தூசியை நீங்களே போய் வைத்துச் சரிபாருங்கள்.

தொலைபேசி எண்ணில் வரும் பிழை அநேகமாக எல்லாத் தளத்திலும் உண்டு. குமுளியின் எஸ்டிடி கோடு 04869, கம்பத்துக்கு 04554. அழுத்தினால் அழைக்கும் இணைப்பில் +91 போடும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் போட்டால் எண் தவறாகிவிடும், வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்கு இணைப்பே கிடைக்காது.

மதுரையிலிருந்து அகல ரயில் பாதை 2022இல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் வந்தது. அதற்கு முன் எழுதிய "எப்படி வருவது" பக்கத்தில் அருகிலுள்ள ரயில் நிலையம் மதுரை என்றே இருக்கும். சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாக வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், குமுளி மலைப்பாதை ஒருவழியாகும், கார்த்திகை தொடங்கும் முன்பே இதை முதல் பக்கத்தில் போடும் ஹோம்ஸ்டேக்கு, "எந்த வழியா வர்றது?" என்ற போன்கள் குறையும். இதுபோன்ற பக்கங்களுக்கு ஆண்டுக்கு இரு முறை, சித்திரையிலும் ஐப்பசியிலும், பார்க்கும் நாள் குறித்துவையுங்கள்.

ஏலக்காய் விலைப் பக்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. எந்த ஏலம், எந்தத் தேதி, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று அட்டவணையாகப் போடுங்கள். விலைப் பலகையைப் போட்டோ எடுத்து ஒட்டினால் தேடலிலும் வராது, போனில் படிக்கவும் முடியாது. விலை ஏற்றியும் பார்ப்பவருக்கு நேற்றைய விலை தெரிந்தால் குற்றவாளி கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்துவைத்த பழைய நகல். அந்தப் பக்கத்தை மட்டும் கேஷிலிருந்து விலக்குங்கள், அல்லது ஏற்றியவுடன் தானாகத் துடைக்கும்படி அமையுங்கள். தேதி இல்லாத விலையை ஒருபோதும் ஏற்றாதீர்கள். அதை நம்பி ஒரு விவசாயி சரக்கை ஜீப்பில் ஏற்றிவிடுவார்.

மலையில் திறக்கும் வேகம்

எஸ்டேட்டில் சிக்னல் ஒரு புள்ளி வரும், போகும். உங்கள் ஃபைபர் இணைப்பில் சோதித்துவிட்டு வேகமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். குரோமின் டெவலப்பர் பகுதியில் இணைப்பை மெதுவான 4ஜி ஆக்கிப் பாருங்கள். கூகுள் வைத்திருக்கும் அளவு: முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்குப் பதில் 200 மில்லி நொடிக்குள், பக்கம் குதிக்கும் அளவு (ஏறும்போது உள்ளடக்கம் இடம் மாறுவது) 0.1க்குள்.

மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் படங்களே காரணம். போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் பொதுவாக 200 கேபிக்குள் வந்துவிடும். அகல உயர எண்களைக் குறிப்பிடுங்கள், பக்கம் குதிக்காது. முதல் படத்துக்கு மட்டும் தாமத ஏற்றத்தை (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்குவது) அணையுங்கள். கீழே இருப்பவற்றுக்குப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்போடு தெரியும் முன்னோட்டப் படம் 1200க்கு 630 பிக்சல், 300 கேபிக்குள்.

தேடலிலிருந்து தளம் காணாமல் போனால்

பதற வேண்டாம். தேடுபொறி எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பைத் திறந்து, டிஸ்அலவ் என்பதற்கு எதிரே ஒற்றைச் சாய்கோடு மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். அது முழுத் தளத்தையும் தேடுபொறிக்கு மூடிவிடும். அடுத்து, வேர்ட்பிரஸ் அமைப்புகளில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். கட்டும்போது போட்டு, திறக்கும்போது எடுக்க மறந்த டிக் அது. பக்க முகவரிகளை மாற்றியிருந்தால் ஒவ்வொரு பழைய முகவரியும் நேராக அதற்குரிய புதிய பக்கத்துக்கு 301 (நிரந்தர இடமாற்றம்) திருப்பலில் போகட்டும். எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அவற்றை இல்லாத பக்கமாகவே கணக்கில் வைக்கும்.

தளத்தின் பெயரைத் தேடும்போது ஜப்பானிய எழுத்தில் பொருள் விற்கும் பக்கங்கள் வந்தால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். உடனே எதையும் அழிக்காதீர்கள். முதலில் தளத்தை 503 (தற்காலிகமாக மூடியிருக்கிறது என்னும் குறி) பராமரிப்பு நிலையில் வையுங்கள். கோப்புகளையும் லாக்குகளையும் (யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதும் பதிவேடு) அப்படியே நகல் எடுங்கள், எப்படிப் புகுந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஹோஸ்டிங், எஃப்டிபி, டேட்டாபேஸ், அட்மின் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றி, கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினால் உள்ளே இருப்பவர்கள் வெளியேறுவார்கள். தெரியாத அட்மின் கணக்குகளை நீக்குங்கள். அப்லோட்ஸ் அடைவில் பிஎச்பி கோப்பு இருக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தால் பெரும்பாலும் அது அவர்களுடையது. வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கிப் போடுங்கள், புகுவதற்கு முந்தைய பேக்கப்பிலிருந்து உள்ளடக்கத்தை மீட்டெடுங்கள். பிறகு சர்ச் கன்சோலில் மறுபரிசீலனை கேளுங்கள். இலவசமாகக் கிடைத்த திருட்டுத் தீம் தளத்தில் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. முன்பதிவுப் படிவத்தில் ஆதார் நகல் கேட்கும் ஹோம்ஸ்டேக்களிடம் அதைத் தளத்தில் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேமிக்காத தகவல் களவு போகாது.

கற்கும் வரிசையும் கூலியும்

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் படித்துத் திருத்தும் அளவுக்கு முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்து டிஎன்எஸ். அதன்பின் லினக்ஸ் கட்டளைகள்: கோப்பைத் தேடுவது, லாக்கின் கடைசி வரிகளைப் பார்ப்பது, அனுமதிகளை மாற்றுவது (கோப்புக்கு 644, அடைவுக்கு 755, எதற்கும் 777 கிடையாது). பிறகு டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் தகவலைத் தேடி எடுப்பது, மாற்றுவது. ஜாவாஸ்கிரிப்ட் மெதுவாக வரலாம்.

கட்டணம் பேசும்போது டொமைன், ஹோஸ்டிங் பணத்தை உங்கள் கூலியோடு கலக்காதீர்கள். அவை முதலாளியின் கார்டிலிருந்து நேராகப் போகட்டும், ரசீதும் அவர் பெயரில் வரட்டும். பராமரிப்புக்கு மாதக் கட்டணம், புதிய பக்கம் போன்றவற்றுக்குத் தனி விலை. எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்வீர்கள், ஞாயிற்றுக்கிழமை தளம் விழுந்தால் என்ன, மாதம் எத்தனை திருத்தம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதே தாளில், வேலையை விடும்போது 15 நாளுக்குள் எல்லா லாகினும் கடைசி பேக்கப்பும் ஒப்படைக்கப்படும் என்ற வரியும் இருக்கட்டும்.